எறும்பு யாருக்கு காவல் நிக்குது?

கடிதம்:

வணக்கம் அண்ணா, கடல் சாமந்தியும் கோமாளி மீனும் ஒண்ண ஒண்ணு காப்பாத்திக்கறத பத்தி நீங்க எழுதினத வீட்ல எல்லாருக்கும் படிச்சு காட்டுனேன். எங்களுக்கு வியாசர்பாடி. மொட்டமாடில பழைய பெயிண்ட் பக்கெட்ல செம்பருத்தி வெச்சிருக்கேன். கொஞ்ச நாளா மொட்டு கிட்ட மாவு அப்புன மாதிரி வெள்ளையா பூச்சி, கூடவே எறும்பு வரிசை. பூச்சிய தின்னத்தான் ஏறுதுன்னு மருந்தடிக்காம விட்டேன். பூச்சி குறையல, இலையும் கறுத்துப்போச்சு. எறும்பு ஏன் உதவி பண்ணல?
– ஒரு வாசகி

பதில்:

வணக்கம்மா. எறும்பு உதவி பண்ணிட்டுதான் இருக்கு, செடிக்கு இல்ல, அந்த மாவுப்பூச்சிக்கு.

மாவுப்பூச்சி ஊசி மாதிரி வாய தண்டுல குத்தி சாற உறிஞ்சும். அந்த சாறுல சர்க்கரை ஏராளம், உடம்பு வளர தேவையான சத்து ரொம்ப கொஞ்சம், அதனால அது குடிச்சிட்டே இருக்கணும், மிச்ச சர்க்கரை பின்னாடி சொட்டு சொட்டா வெளிய வந்துடும். எறும்பு வர்றது அந்த சொட்டுக்குதான். அந்த சொட்டு நிக்கக்கூடாதுன்னு, மாவுப்பூச்சிய அழிக்கற பொறிவண்டு வந்தா துரத்தும், குட்டி குளவி வந்தா விரட்டும். இலை கறுத்தது அதே இனிப்பு மேல வளர்ற பூஞ்சை, ஈரத்துணியால தொடச்சா வந்துடும்.

இதுக்கு உள்ள இன்னொரு கூட்டு இருக்கு, எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். எலுமிச்சை, ஆரஞ்சுல வர்ற ஒரு வகை மாவுப்பூச்சியோட உடம்புக்குள்ள ஒரு பாக்டீரியா குடியிருக்கு, அந்த பாக்டீரியாக்குள்ள வேற ஒரு பாக்டீரியா குடியிருக்கு. 2001ல இத கண்டுபிடிச்சாங்க. சாறுல போதுமான அளவு இல்லாத அமினோ அமிலங்கள, அதாவது புரதம் உண்டாக தேவையான சத்துங்கள, தயாரிக்க ஒரு பாதி வேலைய இது செய்யும், மறுபாதிய அது செய்யும், சிலதுக்கு பூச்சியும் கை குடுக்கணும், மூணுல எதாலயும் தனியா முடிக்க முடியாது. இந்த ரெண்டு பாக்டீரியாவும் தாய்ப்பூச்சிகிட்டருந்து முட்டை வழியாவே அடுத்த தலைமுறைக்கு போயிடும். ஆனா எறும்புக்கு அப்படி கட்டாயம் ஒண்ணும் இல்ல, வேற எங்கயாவது இனிப்பு கெடச்சா போயிடும். கூட்டுன்னாலே எல்லாருக்கும் நல்லதுன்னு எடுத்துக்காதீங்கம்மா. உள்ள இருக்கறவங்களுக்கு லாபம், உங்க செம்பருத்திக்கு முழு நஷ்டம்.

மருந்தடிக்காம விட்டது நல்லதுதான். 2008ல பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூர் பக்கம் வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளினு நாசம் பண்ணுச்சு, செம்பருத்தியையும் விடல. உடம்பு மேல மெழுகு இருக்கறதால மருந்து சரியா ஒட்டாது. கடைசில 2010ல போர்ட்டோ ரிக்கோலருந்து ஒரு பொடிக் குளவிய கொண்டுவந்து விட்டாங்க, அது பூச்சிக்குள்ளயே முட்டை வெக்கும், குஞ்சு உள்ளருந்தே தின்னு வளரும். அதுக்கப்புறம்தான் அடங்குச்சு. கண்டபடி மருந்தடிச்சா மொதல்ல சாகறது இந்த மாதிரி குளவிங்கதான்.

அதனால மொதல்ல எறும்பு ரூட்ட கட் பண்ணுங்க. பக்கெட் வெளிப்பக்கம் சுத்தி ரெண்டு விரல் அகலத்துக்கு கிரீஸ் தடவுங்க, கிளை எதுவும் சுவத்துலயோ துணி காயப்போடுற கொடிலயோ படக்கூடாது, பட்டா அது வழியா வந்துடும். மண்ணுக்குள்ள கூடு இருக்கான்னும் கிளறி பாருங்க. அப்புறம் ஹோஸ்ல தண்ணிய வேகமா பீச்சி பூச்சிய உதிர்த்துடுங்க, மொட்டு மோசமா இருந்தா கிள்ளி போட்டுடுங்க.

நசுக்கறதுக்கு முன்னாடி மட்டும் உத்து பாருங்கம்மா. மாவுப்பூச்சிய தின்னற ஒரு பொறிவண்டு இருக்கு, 1898லயே ஆஸ்திரேலியாவுலருந்து நம்ம நாட்டுக்கு கொண்டுவந்தது, அதோட புழு அசப்புல மாவுப்பூச்சி மாதிரியே வெள்ள மெழுகு நூலோட இருக்கும், எறும்புகிட்டருந்து தப்பிக்கவும் அந்த மெழுகு உதவுது. மாவுப்பூச்சி பெரும்பாலும் ஒரே எடத்துல அப்பிட்டிருக்கும். அதவிட ரெண்டு மூணு மடங்கு பெருசா, நூல் நீளமா, சுறுசுறுப்பா நடந்து போற வெள்ளப்புழு கண்ணுல பட்டா அத விட்டுடுங்க, அந்தக் கிளைல தண்ணியும் பீச்சாதீங்க.