மூன்று செயலிகள், மூன்று கணக்குகள்

கேள்வி: எட்டு ஆண்டுகளாக மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. (தவணை முதலீடு) போட்டு வருகிறேன். சில நிறுவனப் பங்குகளும் டீமேட் கணக்கில் இருக்கின்றன. லாபம் எவ்வளவு என்று மூன்று செயலிகளில் பார்த்தேன். மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றன. காசு கொடுத்து நல்ல மென்பொருளாக ஒன்று வாங்கிவிடலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். மூன்றுமே சரியாகச் சொல்லியிருக்கலாம். கணக்கிடும் முறைதான் வேறு.

2022 ஜனவரி 1 அன்று ஒரு லட்சம், 2023 ஜனவரி 1 அன்று இன்னொரு லட்சம் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி 1 அன்று மதிப்பு 2,31,000 ரூபாய். ஒரு செயலி '15.5% லாபம்' என்று காட்டும். எந்தப் பணம் எத்தனை நாள் இருந்தது என்பதை அது பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு தொகையும் எத்தனை நாள் இருந்தது என்று பார்த்து ஆண்டு லாப விகிதம் சொல்லும் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். (XIRR) முறையில் போட்டால் ஆண்டுக்கு 10% வரும். வங்கி வைப்புநிதி வட்டியோடு ஒப்பிட வேண்டியது இந்தப் பத்தைத்தான். இதைக் காட்டாத செயலி உங்களுக்குப் பயன்படாது.

முறை சரியாக இருந்தாலும் பதிவு தவறினால் விடை தவறும். என் கணக்கிலேயே பட்டேன். ஒரு நிறுவனம் ஒரு பங்குக்கு இன்னொரு பங்கை இலவசமாக, போனஸாகத் தந்தது; பங்குகள் இரட்டிப்பானதால் ஒரு பங்கின் விலை பாதியானது. செயலியோ புதிய பங்குகளைச் சேர்க்காமல், பாதிப் பணம் போய்விட்டதாகச் சிவப்பில் காட்டியது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதனால் முதலில் ஆவணத்தைக் கையில் எடுங்கள். ஃபண்ட் முதலீட்டாளர்களின் பதிவேட்டைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் தளத்தில் மின்னஞ்சல் முகவரியும் பான் எண்ணும் தந்து, தொடக்கம் முதல் இன்றுவரையிலான விரிவான ஒருங்கிணைந்த அறிக்கையைக் கேளுங்கள். கடவுச்சொல் போட்ட பி.டி.எஃப். ஆக வரும். ஃபண்டில் வாங்கியது, விற்றது எல்லாம் தேதியோடு அதில் இருக்கும். பங்குகளை வாங்கியது, விற்றதற்குத் தரகரின் பரிவர்த்தனை அறிக்கை போதும்; அவற்றின் டிவிடெண்டை (நிறுவனம் தரும் லாபப் பங்கை) வங்கிக் கணக்குப் பதிவில் பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, இவற்றை எக்ஸெலிலோ கூகுள் ஷீட்ஸிலோ தேதி, தொகை என்று இரண்டே பத்தியில் ஏற்றுங்கள். போட்டதை மைனஸில், எடுத்ததையும் டிவிடெண்டையும் பிளஸ்ஸில் எழுதி, கடைசி வரியில் இன்றைய மதிப்பைப் பிளஸ்ஸில் போடுங்கள். எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். சூத்திரம் இரண்டிலுமே உண்டு. இந்த விடையோடு எந்தச் செயலி ஒத்துப்போகிறதோ அதை நம்பலாம். கணினி பழக்கமிருந்தால் 'போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸ்' என்ற இலவச மென்பொருளையும் பாருங்கள். தரவு உங்கள் கணினியிலேயே இருக்கும்.

லாபத்தை ஒப்பிட, ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் நிஃப்டி 50 குறியீட்டில், டிவிடெண்டையும் சேர்த்த டி.ஆர்.ஐ. வடிவத்தையே எடுங்கள். வெறும் நிஃப்டியோடு ஒப்பிட்டால் உங்கள் ஃபண்ட் இருப்பதைவிட அழகாகத் தெரியும்.

மின்னஞ்சலையும் குறுஞ்செய்திகளையும் படிக்க அனுமதி கேட்கும் செயலிக்குக் கொடுக்காதீர்கள். அறிக்கையை நீங்களே பதிவேற்றினால் போதும். பதிவுகள் முழுவதையும் கோப்பாக இறக்கிக்கொள்ள வழியில்லாத செயலியில் எட்டு ஆண்டுக் கணக்கை ஏற்றவும் வேண்டாம்.