வாசகர் கேள்வி: சிவந்து விழிக்கும் திரை

கேள்வி: அப்பா 2004இல் வாங்கிய ஐபிஎம் திங்பேட் டி42 மடிக்கணினி பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்தது. அண்மையில் இயக்கிப் பார்த்தபோது 161, 163 என்ற எண்களைக் காட்டியது. திரை இளஞ்சிவப்பாக ஒளிர்ந்து, சில விநாடிகளில் இருண்டுவிடுகிறது. அதிலுள்ள குடும்பப் படங்களை மீட்க முடியுமா, அல்லது மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிடலாமா?
– வாசகர் ஒருவர், ஈசூன்

பதில்: தொட்டிக்கு அவசரம் வேண்டாம். முதலில் படங்களைக் காப்பாற்றுங்கள். பழுது பார்ப்பதைப் பிறகு யோசிக்கலாம்.

161 என்பது உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டதையும், 163 என்பது அதனால் தேதியும் நேரமும் அழிந்துபோனதையும் குறிக்கின்றன. அது 3 வோல்ட் சிஆர்2032 வகைதான் என்றாலும், கைக்கடிகாரத்தில் போடுவதைப் போல வெறுமனே மாற்ற இயலாது. இரு கம்பிகளும் சிறு செருகியும் இணைந்ததாகக் கேட்டு வாங்க வேண்டும். கணினியின் அடிப்படை அமைப்புகளைப் பூட்டும் நிர்வாகக் கடவுச்சொல் எதையும் அப்பா வைத்திருந்தாரா என்று முன்னதாகவே அவரிடம் கேட்டுவிடுங்கள். அது தனிச் சில்லில் பதிந்திருப்பதால், மின்கலத்தைக் கழற்றினாலும் அழியாது.

திரைதான் உண்மையான நோயாளி. அக்காலத் திரைகளின் பின்னால் இருப்பது எல்இடி அன்று, பென்சில் ஈயத்தைப் போல மெல்லிய ஒளிக்குழாய். அது முதுமையடையும்போது முதலில் சிவக்கும். பின்னர், அதற்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் பலகை பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். இருண்ட திரையின் மீது கைவிளக்கைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். உருவம் மங்கலாகத் தெரிந்தால் பழுது வெளிச்சத்தில் மட்டுமே உள்ளது. அப்படியானால், நீல நிற விஜிஏ துளையில் வெளித்திரையை இணைத்து, எஃப்என் விசையுடன் எஃப்7ஐ அழுத்திப் படங்களை நகலெடுக்கலாம். உங்கள் திரையில் எச்டிஎம்ஐ மட்டுமே இருந்தால், வெறும் கம்பி போதாது, சமிக்ஞையை மாற்றித்தரும் மாற்றி வேண்டும். இன்வெர்ட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் என்பதால் மின்சாரம் உள்ளபோது அதைத் தொடவே கூடாது.

வெளித்திரையிலும் ஒன்றும் தெரியாவிட்டால், வன்தட்டைக் கழற்றி 44 ஊசி ஐடிஇ என்னும் பழைய வகை வன்தட்டு இணைப்பிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் கருவியில் செருகுங்கள். இப்போது பரவலாக விற்கும், புதிய வகை இணைப்புக்கான சாட்டா மாற்றி இதற்குப் பொருந்தாது. மின்னணுப் பொருள் கடைகள் உள்ள சிங்கப்பூரின் சிம் லிம் டவர் பக்கம் போகிறவர்கள் இதைத் தெளிவாகச் சொல்லிக் கேட்பது நல்லது. வன்தட்டு டிக் டிக்கென்று ஒலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று: கணினியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்காதீர்கள். பலகை வளைந்து, வரைகலைச் சில்லுக்கு அடியிலுள்ள பற்றவைப்பு விரிசல் கண்டால், ஒளிக்குழாய் மாற்றியும் பயனிருக்காது.