‘சூப்பர்’ சொன்னவர்கள் ஏன் திரும்பி வரவில்லை?

(வீடு, அலங்காரம், அதற்கான இணையதளங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், வெப்சைட்டுகளை மக்களோடு உட்கார்ந்து சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கும் சேலம் அஸ்தம்பட்டிக்காரர்.)

அக்கா, நானும் என் மனைவியும் வீட்டு அலங்காரத்துக்கென ஒரு வெப்சைட் செய்திருக்கிறோம். சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ‘உங்கள் ஸ்டைல் இதுதான்’ என்று சொல்லி, அதற்கேற்ற படங்களையும் வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலையும் காட்டும். ஆடிப் பண்டிகைக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் காட்டினோம். ‘சூப்பரா இருக்கு’ என்றார்கள். அதற்கப்புறம் அவர்களில் ஒருவர்கூட உள்ளே போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆவணி பிறந்தால் கிரகப்பிரவேசம் வரிசையாக வரும். அதற்குள் உண்மையான கருத்தை எப்படி வாங்குவது?
— வாசகர், அம்மாப்பேட்டை

தம்பி, உங்கள் சொந்தக்காரர்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, உங்கள் போனைக் கையில் வாங்கி, நீங்கள் பக்கத்தில் நின்று விளக்க விளக்கப் பார்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் வேறு என்ன சொல்வார்கள்? உங்கள் மேல் இருக்கும் பாசத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வெப்சைட்டைப் பற்றித் தெரிய வேண்டுமானால் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்பதையே விட்டுவிடுங்கள். ஒரு வேலையைக் கொடுத்து, அதை அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள்.

முதலில் ஆளைச் சரியாகப் பிடிக்க வேண்டும். இப்போது வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறவர், முன்னறைக்கு ஷோகேஸ் போட ஆசாரியிடம் பேசிக்கொண்டிருப்பவர், வாடகை வீடு மாறுகிறவர், இவர்கள்தான் உங்களுக்கு வேண்டியவர்கள். பெயின்ட் கடையிலும், டைல்ஸ் கடையிலும், கர்ட்டன் தைக்கும் இடத்திலும் அவர்கள் தினமும் வந்து நிற்கிறார்கள். கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் இரண்டு மூன்று பேரையாவது அறிமுகப்படுத்துவார். அலங்காரத்தில் அக்கறை இல்லாத சித்தப்பாவிடம் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

எத்தனை பேர் என்றால், ஐந்து பேர் போதும். வெப்சைட்டுகளைப் பயன்படுத்துவது எளிதா என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் என்பவர் 2000ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஒருவரை வைத்துச் சோதித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் வெளியே வரும், ஐந்து பேரை வைத்தால் ஏறக்குறைய 85 சதவீதம் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆறாவது, ஏழாவது ஆளிடம் பெரும்பாலும் பார்த்த குறையையே திரும்பப் பார்ப்பீர்கள். அதனால் ஐந்து பேரைப் பார்த்து, சரிசெய்து, அப்புறம் வேறு ஐந்து பேரிடம் போங்கள். ஒரு விஷயம், சொந்த வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் உங்கள் வெப்சைட்டை ஒரே மாதிரி பயன்படுத்த மாட்டார்கள். சுவரில் ஆணி அடிக்கவே ஓனரைக் கேட்க வேண்டியவருக்கு உங்கள் பட்டியலில் பாதி உதவாது. இரண்டு பக்கமும் தனித்தனியாக மூன்று நான்கு பேரைப் பாருங்கள்.

அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் போனிலேயே, அவர்கள் டேட்டாவிலேயே பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு வைஃபையில் பளிச்சென்று வரும் படம், கொண்டலாம்பட்டியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தால் சாம்பல் நிறக் கட்டமாகவே நிற்கும். பக்கத்தின் முக்கியமான படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்று கூகுள் அளவு வைத்திருக்கிறது. அலங்கார வெப்சைட் முழுக்கப் படம்தானே, முதல் அடி அங்கேதான் விழும்.

‘இதைச் சுத்திப் பாருங்க’ என்று கொடுக்காதீர்கள். ‘உங்க முன்னறைக்கு 20,000 ரூபாய்க்குள்ள என்ன செய்யலாம்னு இதுல தேடுங்க, மனசுல என்ன ஓடுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பாருங்க’ என்று சொல்லுங்கள். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்தபோது கிளேட்டன் லூயிஸ் 1982இல் எழுதி வைத்த முறை இது, இன்றைக்கும் இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் ரொம்பக் கஷ்டம். அவர்கள் தடுமாறும்போது உங்கள் விரல் தானாக நீளும், நீட்டாதீர்கள். ‘இதை அழுத்தணுமா?’ என்று கேட்டால், ‘நான் இங்க இல்லைன்னா என்ன செய்வீங்க?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

குகைப் பகுதியில் ஓர் அம்மா, உங்களுடையதைப் போன்ற ஒரு வெப்சைட்டைப் பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வெள்ளை சோபா, பெரிய ஜன்னல், ஓரத்தில் ஒரு செடி என்று அழகான படம். அவர் இரண்டு விரலை வைத்து ஜன்னலைப் பெரிதாக்கப் பார்த்தார். படம் பெரிதாகவில்லை. மறுபடி முயன்றார். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, ‘கொசுவலை அடிக்கலையே, சாயங்காலம் எப்படித் திறந்து வைக்கிறது?’ என்றார். அடுத்து சோபாவுக்கு வந்தார். ‘இந்த உறையை எத்தனை நாளைக்கு ஒருதரம் துவைக்கணும்? தண்ணி வர்ற அன்னிக்குத்தான் துவைக்க முடியும்.’ அப்புறம் படத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். ‘பீரோ எங்க வெச்சிருக்காங்கன்னு பாக்குறேன்’ என்றார். எல்லாம் முடிந்த பிறகு அவரிடம் கருத்துக் கேட்டபோது அவர் சொன்னது, ‘ரொம்ப நல்லா இருக்கு கண்ணு.’ அந்தக் கடைசி வரியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் கொசுவலையும் பீரோவும் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

நீங்கள் இருக்கும் அம்மாப்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். தறி போட்டிருக்கும் வீட்டில் முன்னறை என்றால் அதில் பாதி தறிக்குத்தான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வேலை நடக்கும் வீட்டில் உட்காரும் இடமும் பட்டறையும் ஒன்றுதான். ‘உங்கள் லிவிங் ரூம் எவ்வளவு பெரியது?’ என்ற கேள்விக்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? அந்த இடத்தில் அவர்கள் கட்டைவிரல் நிற்கும். அது நிற்கும் நேரத்தை நோட்டில் குறியுங்கள். நோட்டில் ஒரு பக்கம் அவர்கள் செய்தது, எதிர்ப்பக்கம் அவர்கள் சொன்னது. இரண்டும் முட்டிக்கொண்டால் செய்ததை நம்புங்கள்.

ஸ்டைல் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்காண்டிநேவியன், போஹோ, மினிமலிஸ்ட் என்று வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பார்க்கிறவர்கள் அதே படங்களுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் படங்களில் ஒரு முப்பதை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். தரையில் பரப்பி, ‘ஒண்ணுக்கொண்ணு பொருந்துறதைச் சேர்த்து வைங்க, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பேர் சொல்லுங்க’ என்று கேளுங்கள். ரெட் ஆக்சைடு தரையும் மரத்தூணும் ‘எங்க பாட்டி வீடு’ என்று ஒன்றாகச் சேரும். முழுக்க வெள்ளையாக இருப்பதை ஒருவர் ‘ஆஸ்பத்திரி’ என்று தள்ளி வைத்தால் வருத்தப்படாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். பவானி ஜமக்காளமும் ஆத்தங்குடி டைல்ஸும் எந்தக் குவியலில் போய் விழுகின்றன என்று தெரிந்தாலே உங்கள் கேள்விகளில் பாதியை மாற்றி எழுதுவீர்கள்.

இன்னொன்று. உங்கள் வெப்சைட்டில் அந்த அம்மா ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தால் அடுத்து என்ன செய்வார்? ஆசாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அந்த லிங்க் ஆசாரியின் போனில் திறக்கிறதா, அளவு தெரிகிறதா, திரும்ப முதல் கேள்விக்கே கொண்டுபோய் விடுகிறதா? ஆசாரியும் பெயின்டரும் உங்கள் பயனர்கள்தான். ஐந்து பேரில் ஒருவராவது அவர்களாக இருக்கட்டும்.

வந்த குறைகளில் எதை முதலில் எடுப்பது என்று குழம்ப வேண்டாம். வேலையை முடிக்க விடாமல் நிறுத்தியது எதுவோ அது முதலில். இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தில் நின்றார்களென்றால் அன்றைக்கே சரிசெய்யுங்கள். ‘அந்தப் பச்சை கொஞ்சம் அழுத்தமா இருக்கு’ போன்றவை காத்திருக்கலாம்.

எங்கள் அலங்கார வெப்சைட்டைப் பற்றிக் கூகுள் ஃபார்மில் 25 கேள்விகள் தயாரித்து எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். பாதிப் பேர் நடுவிலேயே விட்டுவிட்டார்கள். முடித்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். இதை வைத்து என்ன செய்வது?
— வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

நட்சத்திரங்களை ஓரமாக வையுங்கள். பாதிப் பேர் எந்தக் கேள்வியில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று தெரிந்தால் அதுதான் உங்களுக்கு வந்த நல்ல பதில். ஆனால் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கூகுள் ஃபார்ம் போட்டாலும் முடிக்காதவர்களின் பதில் உங்களுக்கு வந்து சேராது, ஆகவே கேள்விகளைக் குறைப்பதுதான் வழி. மதிப்பெண் கட்டாயம் வேண்டுமென்றால் ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்து வரி அளவுகோல் இருக்கிறது, சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல் என்று பெயர். பயன்படுத்த எளிதா என்பதைப் பற்றிய ஒவ்வொரு வரியையும் எவ்வளவு ஒத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு மதிப்பெண் போடுவது அது. அதில் 100க்கு 68 வந்தால் சராசரி என்று பொதுவாகக் கொள்கிறார்கள். வரிகளை நல்ல தமிழில், பேசுகிற மாதிரி எழுதிக்கொள்ளுங்கள்.

அதோடு, ‘இந்த வெப்சைட்டைப் பயன்படுத்துவீர்களா?’ என்று வரப்போவதைக் கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘கடைசியாக வீட்டில் எதை மாற்றினீர்கள்? யாரைக் கேட்டு மாற்றினீர்கள்? எவ்வளவு ஆனது?’ என்று நடந்ததைக் கேளுங்கள். தீபாவளிக்குக் கர்ட்டன் மாற்றியவர் தையல்காரரிடம் கேட்டு மாற்றியிருந்தால், உங்கள் போட்டி வேறொரு வெப்சைட் இல்லை, அந்தத் தையல்காரர்.

ஏற்காட்டில் எங்கள் பழைய வீட்டின் அறைக்கு ஒரு புதிய அலங்கார வெப்சைட் வால்பேப்பர் ஒட்டச் சொன்னது. இங்கே மழைக்காலம் வந்தால் சுவரே வியர்க்கும். ‘உங்கள் கருத்து என்ன?’ என்று ஒரு பெட்டியும் வைத்திருக்கிறார்கள். நான் எழுதினால் படிப்பார்களா, என்ன எழுதுவது?
— வாசகி, ஏற்காடு

கட்டாயம் எழுதுங்கள் அம்மா. ஆரம்ப நிலையில் இருக்கும் வெப்சைட்டுக்கு உங்களைப் போல ஒருவர் எழுதும் நான்கு வரி பெரிய உதவி. ‘சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பக்கம், எந்தப் போன், நீங்கள் என்ன கேட்டீர்கள், அது என்ன காட்டியது, உங்களுக்கு எது தேவைப்பட்டது என்று எழுதி, முடிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் சேருங்கள்.

விஷயத்தையும் சொல்லிக்கொடுங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனியில் இருக்கிற ஊர். பிளாஸ்டிக் பூச்சுள்ள வினைல் வால்பேப்பர் ஈரத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்துவிடும், பின்னால் பூஞ்சை பிடிக்கும். சுண்ணாம்பு அடித்த சுவரோ ஈரத்தை வெளியே விடும், அதன் காரத்தன்மையில் பூஞ்சையும் எளிதில் வராது. கீழே சேலத்தில் வெயிலில் காயும் சுவருக்குச் சொல்வதையே 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் அங்கேயும் சொன்னால் எப்படி? ‘எந்த ஊர், சுவரில் ஈரம் உண்டா?’ என்று அவர்கள் முதலிலேயே ஒரு கேள்வி சேர்க்க வேண்டும். அதை அப்படியே எழுதுங்கள். ஈரம் கூரையிலிருந்து இறங்குகிறதா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று ஒரு கொத்தனாரை வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் எதையும் அடியுங்கள்.

வெப்சைட்டைச் சோதித்துப் பார்க்க வருகிறவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா? அவர்கள் வீட்டைப் போட்டோ எடுக்கலாமா?
— வாசகர், சூரமங்கலம்

ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவருக்குக் கையில் ஏதாவது கொடுங்கள். ரீசார்ஜ் செய்துகொடுக்கலாம், சீசனில் ஒரு கூடை மல்கோவா கொடுத்தாலும் சந்தோஷப்படுவார்கள். கருத்து எப்படி இருந்தாலும் உண்டு என்பதை முன்னாடியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாராட்டுத்தான் வரும்.

போட்டோவுக்கு முன்பே கேட்டு, எதற்கு, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள். தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2023இல் சட்டமே வந்திருக்கிறது, சம்மதம் அதன் அடிப்படை. சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படம், பிள்ளைகளின் முகம், காலண்டரில் எழுதிய போன் நம்பர், இவை படத்தில் விழாமல் எடுங்கள். பூஜை அறையை எடுக்கலாமா என்று தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்க வேண்டாம்.