கணினி திறக்கத் தாமதமா? பணம் கொடுக்கும் முன் நேரத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: 2018-ஆம் ஆண்டு வாங்கிய மடிக்கணினி என்னிடம் உள்ளது. ஏழாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வினாத்தாள் தயாரிக்கவும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவேற்றவும்தான் பயன்படுத்துகிறேன். பட்டனை அழுத்தியதிலிருந்து ஒரு வேர்டு கோப்பைத் திறப்பதற்குள் ஆறேழு நிமிடம் ஆகிவிடுகிறது. பழுது பார்க்கும் கடையில் புதிது வாங்கச் சொல்கிறார்கள். ரேமைக் கூட்டினால் போதும் என்கிறான் என் மகன். ஆண்டுக் கட்டணம் கட்டினால் கணினியை வேகப்படுத்தித் தருவதாக ஒரு மென்பொருளின் விளம்பரமும் அடிக்கடி வருகிறது. இம்மூன்றில் எதற்குச் செலவிடுவது?
– பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு மூன்றுக்குமே செலவிட வேண்டாம். நீங்கள் தந்துள்ள விவரங்களைப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க்கின் மீதுதான் எனக்குச் சந்தேகம்; ஆனாலும் என் சந்தேகத்தை நம்பிப் பணம் போடுவதைவிட, தாமதம் எந்த இடத்தில் நேர்கிறது என்பதை நீங்களே அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தியது முதல் திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுழலத் தொடங்கும் வரை ஒரு கட்டம்; அங்கிருந்து கடவுச்சொல் கேட்கும் திரை வரை இரண்டாவது கட்டம்; கடவுச்சொல் கொடுத்தது முதல், ஒரு கோப்பைச் சொடுக்கினால் தடையின்றித் திறக்கும் நிலை வரும் வரை மூன்றாவது கட்டம். மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஷட்டவுன் செய்து திறக்கும்போது ஒரு முறையும், ரீஸ்டார்ட் கொடுத்து ஒரு முறையும் அளப்பது நல்லது. விண்டோஸ் 8 வெளியான 2012 முதல், ஷட்டவுன் என்பது முழுமையான நிறுத்தமாக இருப்பதில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியை டிஸ்க்கில் சேமித்துவைத்து, மறுமுறை அதையே எடுத்து நினைவகத்தில் ஏற்றுகிறது. ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ரீஸ்டார்ட் கூடுதல் நேரம் எடுப்பது கோளாறு ஆகாது.

முதல் கட்டத்தில் விண்டோஸுக்கு வேலையே இல்லை. அது, விண்டோஸுக்கு முன்பே இயங்கிக் கணினியைத் தொடக்கிவைக்கும், மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற அடிப்படை நிரலின் நேரம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியின் வலது மேல் மூலையில் ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்று விநாடிக் கணக்கு இருக்கும். அது அரை நிமிடத்துக்கு மேல் போனால், செருகியிருக்கும் பென் டிரைவ், பிரின்டர், வெளி ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு மீண்டும் பாருங்கள். பயாஸில் தொடக்க வரிசையில் நெட்வொர்க் முதலிடத்தில் இருந்தாலும் கணினி வலையமைப்பைத் தேடிக் காத்திருக்கும். உங்கள் வகைக் கணினிகளில் இக்கட்டம் பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

உண்மையான தாமதம் அடுத்த இரண்டு கட்டங்களில்தான் இருக்கும். கடவுச்சொல் கொடுத்தவுடன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று டிஸ்க்கைக் கவனியுங்கள். செயலி 20, 30 விழுக்காட்டில் உலாவிக்கொண்டிருக்க, டிஸ்க் மட்டும் நிமிடக் கணக்கில் 100 விழுக்காட்டிலேயே நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது. 2018 வாக்கில் மடிக்கணினிகளில் பரவலாகப் பொருத்தப்பட்ட ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலக்கூடியது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி ஆகும். தேவையான தகவல் இருக்கும் தடத்துக்கு அதன் முனை நகர்ந்து செல்ல வேண்டும். பின்னர் தகடு சுழன்று அந்த இடம் முனையின் அடியில் வரும் வரை காத்திருக்க வேண்டும். இதனால் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை விநாடிக்கு நூறு கூட அதனால் எடுத்துத் தர முடியாது. விண்டோஸ் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் ஒரே நேரத்தில் கேட்கப்படுகின்றன. ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றாக வந்த, அசையும் பாகமே இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி, இதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகள் என்ற கணக்கில் செய்துவிடுகிறது. வாங்கிய புதிதில் நன்றாக இருந்த கணினி இன்று திணறுவதற்கு, ஆண்டுக்கு ஆண்டு பெருத்துவரும் மென்பொருள்களும், தாமாகவே தொடங்கிக்கொள்ளும் நிரல்களும் இந்த ஒற்றை முனையின் முன் வரிசையில் நிற்பதுதான் பெரும்பாலும் காரணம்.

எண்ணாகவே பார்க்க விரும்பினால் விண்டோஸ் அதையும் எழுதிவைத்திருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் தேடினால் கிடைக்கும் ஈவென்ட் வியூவர் என்ற பதிவேட்டில் ‘அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்’ என்பதன் கீழ் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று வரிசையாகத் திறந்து சென்றால், 100 என்ற எண்ணுள்ள பதிவில் தொடங்க ஆன நேரம் மில்லி விநாடியில் இருக்கும். 1,82,000 என்றிருந்தால் 182 விநாடி, அதாவது மூன்று நிமிடம். அருகிலேயே 101, 102, 103 என்ற எண்களில் பதிவுகள் இருந்தால், வழக்கத்தைவிடத் தாமதப்படுத்திய நிரல், வன்பொருளை இயக்கும் டிரைவர், பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஆகியவற்றின் பெயர்களை அவை காட்டும். கடைக்காரரிடம் பேசும்போது இந்தப் பதிவைத் திறந்து காட்டுங்கள். பேச்சு ஊகத்திலிருந்து விவரத்துக்கு வந்துவிடும்.

அடுத்ததைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். கணினி படிப்படியாக இல்லாமல் ஓரிரு வாரங்களில் திடீரென மெதுவாகியிருந்தால், அல்லது டிஸ்க்கிலிருந்து ‘டிக், டிக்’ என்ற ஒலி வந்தால், டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கக்கூடும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிஸ்க்கின் உடல்நிலையை ‘குட்’, ‘காஷன்’, ‘பேட்’ என்று காட்டும். டிஸ்க்கில் பழுதான இடங்களைக் காட்டும் ரீஅலக்கேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார் ஆகிய இரண்டு வரிகளில் மூல மதிப்பு பூஜ்ஜியமாக இல்லாவிட்டால், வேறெதையும் செய்வதற்கு முன் வினாத்தாள்களையும் புகைப்படங்களையும் வேறோர் இடத்தில் நகலெடுத்துவிடுங்கள். அந்நிலையில் சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் செய்வதும், பிழை தேடும் செக்டிஸ்க் ஓட்டுவதும், ‘ஃபார்மேட் போட்டுப் பார்க்கலாம்’ என்பவரிடம் கொடுப்பதும் சாகக் கிடக்கும் டிஸ்க்கை மேலும் ஓடவைத்து, மீட்கக்கூடிய தகவலையும் இழக்கச் செய்துவிடும்.

டிஸ்க் நலமாக இருந்தால், செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். ஸ்டார்ட்அப் பகுதியில் ‘ஹை’ என்று குறிக்கப்பட்டவற்றில் உங்களுக்கு அன்றாடம் தேவைப்படாதவற்றை டிசேபிள் செய்யுங்கள்; அரட்டை நிரல்கள், விளையாட்டு நிறுவிகள், அச்சுப்பொறி நிறுவனத்தின் துணை நிரல்கள் ஆகியவற்றை நிறுத்துவதால் நிரல் நீங்கிவிடாது, தானாகத் தொடங்காது என்பது மட்டுமே. டச்பேட், ஆடியோ தொடர்பானவற்றை விட்டுவிடுங்கள். கணினியோடு வந்து காலாவதியான சோதனைக் கால ஆன்டிவைரஸ் இருந்தால் அதை முழுமையாக நீக்குங்கள். விண்டோஸுடன் வரும் டிஃபென்டரே போதும். எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் செயலிகளின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம். அது சோதனைக்காகச் செயலிகளைக் குறைக்கும் வசதி, அதற்கான பெட்டியில் டிக் போடாவிட்டால் விண்டோஸ் எல்லாவற்றையும் பயன்படுத்தத்தான் செய்யும். கட்டண ‘பூஸ்டர்’ மென்பொருள் செய்வதும் பெரும்பாலும் நான் இங்கே சொன்ன இலவச வேலையைத்தான்; அதோடு தானும் ஒரு நிரலாகத் தொடக்க வரிசையில் வந்து அமர்ந்துகொள்ளும். விண்டோஸின் அமைப்பு விவரங்கள் சேமிக்கப்படும் ரிஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்யும் கருவிகளை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை. அதற்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றால் எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அதே சாட்டா இணைப்பு கொண்ட 2.5 அங்குல வகை அப்படியே பொருந்தும். உங்கள் மாடலில் பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 செருகி இருக்கிறதா, இருந்தால் அது சாட்டாவை மட்டும் ஏற்குமா, அதைவிட வேகமான என்விஎம்இ-யையும் ஏற்குமா என்பதை நிறுவனத்தின் கையேட்டில் பார்க்காமல் எம்.2 வகையை வாங்க வேண்டாம். இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். என்விஎம்இ-யின் வேகம் அட்டைப்பெட்டியில் பல மடங்காக அச்சிடப்பட்டிருந்தாலும், கணினி திறக்கும் நேரத்தில் சாட்டாவுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இராது. கொள்ளளவு 256 ஜிபி உங்கள் வேலைக்குப் போதும். புகைப்படங்கள் நிறைய இருந்தால் 512. மூன்று அல்லது ஐந்து ஆண்டு உத்தரவாதம், ஜிஎஸ்டி ரசீது, ரசீதில் வரிசை எண் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் உரிமம் பொதுவாக மதர்போர்டோடு பிணைந்திருப்பதால், டிஸ்க்கை மாற்றியதற்காக உரிமக் கட்டணம் என்று யாரேனும் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவராதீர்கள். மாணவர் விவரங்களும் உங்கள் வங்கித் தாள்களும் அதில்தான் இருக்கின்றன.

உங்கள் மகன் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. பிரவுசரில் நான்கைந்து பக்கங்களைத் திறந்த நிலையில் டாஸ்க் மேனேஜரில் மெமரி 85 விழுக்காட்டைத் தாண்டினால் 4 ஜிபி போதவில்லை என்று பொருள். அப்போது இன்னொரு 4 ஜிபி சேர்ப்பது நல்லது. ஆனால் எஸ்எஸ்டி முதலில், ரேம் பின்னர். வரிசையை மாற்றினால் செலவு செய்தும் திறக்கும் நேரம் அதிகம் குறையாது.

ஒரு விஷயத்தில் கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நின்றுவிட்டது. வீட்டுப் பயனாளர்களுக்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டத்துக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த கெடு 2026 அக்டோபர் 13. உங்கள் ஏழாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11-க்கான அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லை. கெடுவுக்குப் பின் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாற நீங்கள் தயார் என்றால் இந்தக் கணினியில் இன்னும் சில ஆண்டுகள் வேலை செய்யலாம். தயார் இல்லை என்றாலும் எஸ்எஸ்டிக்குக் கொடுத்த பணம் வீணாகாது. அதைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டால் வெளிச் சேமிப்பகமாகிவிடும். அதனால்தான் ரேமைக் காட்டிலும் எஸ்எஸ்டியில் பணம் போடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மேசைக் கணினி தினமும் காலையில் கறுப்புத் திரையில் நின்று எஃப்1 விசையை அழுத்தச் சொல்கிறது. உள்ளே போனால் தேதி பல ஆண்டுகள் பின்னே இருக்கிறது, இணையதளங்களும் திறப்பதில்லை. மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார் பழுது பார்ப்பவர்.
– கடை உரிமையாளர், கும்பகோணம்

பதில்: மதர்போர்டில் நாணயம் போன்ற வட்ட பேட்டரி ஒன்று இருக்கும், பெயர் சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. இரவில் கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடும் பழக்கம் இருந்தால், அவ்வளவு நேரமும் கடிகாரம் இந்தப் பேட்டரியில்தான் ஓடுகிறது. ஆகவே விரைவில் தீர்வதில் வியப்பில்லை. தேதி தவறாக இருப்பதால்தான் பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ்களைப் பிரவுசர் ஏற்க மறுக்கிறது. புதிய பேட்டரியைப் போட்டு, பயாஸில் தேதியைச் சரிசெய்து சேமியுங்கள். கடிகாரக் கடையில் கூட இந்தப் பேட்டரி கிடைக்கும். அதற்குப் பின்னும் எஃப்1 கேட்டால், திரையில் உள்ள வாசகத்தை அப்படியே படமெடுத்து வேறொருவரிடம் காட்டிய பிறகு மதர்போர்டைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: பழுது பார்க்கும் கடை ஒன்றில் 512 ஜிபி எஸ்எஸ்டி போட்டுத் தந்தார்கள். ஆனால் கணினி முன்பு போலவே மூன்று நிமிடம் எடுக்கிறது. கேட்டால், ‘உங்கள் கணினி பழையது, அப்படித்தான் இருக்கும்’ என்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் இரண்டு டிஸ்க்குகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். சி டிரைவ் எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ அதைச் சொடுக்கினால், கீழே ‘சிஸ்டம் டிஸ்க்: யெஸ்’ என்றும், வகை எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா என்றும் இருக்கும். வகை ஹார்ட் டிஸ்க் என்றிருந்தால், விண்டோஸைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு எஸ்எஸ்டியை வெறும் கூடுதல் டிரைவாகச் சேர்த்திருக்கிறார்கள். பொருள் நல்லதுதான், வேலைதான் முடிக்கப்படவில்லை. விண்டோஸை எஸ்எஸ்டிக்கு மாற்றி, பயாஸில் தொடக்க வரிசையில் அதை முதலில் வைத்துத் தர வேண்டியது கூலி வாங்கியவரின் பொறுப்பு.

சி டிரைவ் எஸ்எஸ்டியிலேயே இருந்தும் இந்நிலை என்றால், அதன் மாடலையும் வரிசை எண்ணையும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பார்த்து ரசீதோடும், தயாரிப்பு நிறுவனத்தின் உத்தரவாதப் பக்கத்தோடும் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் அது போலியாகவோ, வேறு கணினியிலிருந்து கழற்றியதாகவோ இருக்கலாம்.

எதுவாயினும், திரையைப் படமெடுத்து இணைத்து, சரிசெய்து தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பதிவு இருக்கும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். அங்கும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ரசீது வாங்கியிருக்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. வாங்கவில்லை என்றால், முதல் வேலையாக அதைக் கேட்டுப் பெறுங்கள். யுபிஐ-யில் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவையும் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.