வண்டியில் குடித்தனம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நானும் வீட்டுக்காரரும் ஒரு பழைய டிராவலர் வேனில் குடித்தனம் வந்து இது ஐந்தாவது வருஷம். எங்கள் வட்டம் பெரியது இல்லை. மேலூர், நத்தம், சோழவந்தான், உசிலம்பட்டி, கோடையில் சிறுமலை, அவ்வளவுதான். அதற்கு முன் அவர் மதுரையில் வண்டிக்கு பாடி கட்டும் பட்டறை நடத்தினார். இப்போது வேனை வீடாக்க நினைப்பவர்களுக்கு இரண்டு பேருமாக யோசனை சொல்கிறோம். அப்படி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சித்திரை வெயிலில் வேனுக்குள் எப்படி இருக்கிறீர்கள்? சோலார் போட்டால் ஏசி ஓடுமா? (வாசகி, திருமங்கலம்)

முதலில் கணக்கைப் பார்ப்போம். எங்கள் கூரையில் 400 வாட் பேனல் இருக்கிறது. நல்ல வெயில் நாளில் கைக்கு வருவது ஒன்றரை யூனிட் சொச்சம். பேட்டரி லித்தியம், 12 வோல்ட், 200 ஏஹெச் (ஆம்பியர்-மணி). நிறைந்திருந்தால் சுமார் இரண்டரை யூனிட் கொடுக்கும். மின்சாரம் குறைவாக எடுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் கால் யூனிட்தான். பேட்டரியிலேயே நேராக ஓடும் சின்ன டிசி ஃப்ரிட்ஜ் நாளுக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். ஒரு டன் ஏசியோ ஒரு மணி நேரத்துக்கே ஒரு யூனிட் பக்கம் தின்றுவிடும். நிறைந்த பேட்டரிகூட இரண்டரை மணி நேரத்தில் காலி. அப்புறம் ராத்திரிக்கு ஃபேனும் இல்லை.

அதனால் வெயிலை உள்ளே விடாமல் பார்ப்பதுதான் வழி. முதல் வருஷம் நாங்கள் கூரைக்கு உள்ளே மெல்லிய ஒட்டுப்பலகை மட்டும்தான் அடித்திருந்தோம். ஒரு சித்திரை மாதச் சாயந்திரம் ஆறு மணிக்கு உள்கூரையில் கையை வைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு எடுக்காமல் விட்ட தோசைக்கல் மாதிரி இருந்தது. ஒன்பது மணிக்கு மேலும் அந்தச் சூடு தலையில் இறங்கிக்கொண்டே இருந்தது. அடுத்த மாதமே பலகையைப் பிரித்து 50 மில்லிமீட்டர் ஃபோம் வைத்தோம், கூரைக்கு மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம். பேனலைக் கூரையோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தூக்கி மாட்டினோம். இடையில் காற்று ஓடினால் பேனலே கூரைக்குக் குடை ஆகிவிடும். பேனலும் சூடாகாது, சூடு ஏற ஏற அது தரும் மின்சாரம் குறையும் என்பதால் அதுவும் லாபம்.

ஒரு சிக்கல் உண்டு. வண்டியை நிழலில் விட்டால் பேனலுக்கு வெயில் இல்லை, வெயிலில் விட்டால் நமக்கு நிம்மதி இல்லை. வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, மடக்குப் பேனல் ஒன்றைப் பத்து மீட்டர் வயரோடு வெயிலில் விரித்து வைக்கிறோம். மே 4 வாக்கில் கத்திரி பிறந்ததும் சிறுமலைக்கு ஏறிவிடுவோம். திண்டுக்கல் பக்கமிருந்து 18 கொண்டை ஊசி வளைவு. ஏறும் முன் தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக்கிவிடுங்கள், 100 லிட்டர் என்றால் 100 கிலோ. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதியிலேயே புகை வாடை வரும். கொடைக்கானல் போவதானால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம், அதை மறக்க வேண்டாம்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கழிப்பறைக்கு என்ன செய்கிறீர்கள்? (பெயர் வேண்டாம் என்ற வாசகி, மேலூர்)

கூச்சப்பட ஒன்றும் இல்லை, தாயி. முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். வீட்டில் இருக்கும்வரை நாம் வெளியே அனுப்புவது எங்கே போகிறது என்று பார்ப்பதே இல்லை. வண்டியில் அது நம் கையாலேயே போகிறது. அதை ஒழுங்காகச் செய்யாதவர்கள் வண்டியில் குடியிருக்கக் கூடாது என்பது என் கட்சி.

எங்களுடையது தண்ணீர் ஊற்றாத உலர் கழிப்பறை. முன்பக்கம் விழும் சிறுநீர் தனிக் குழாயில் ஐந்து லிட்டர் கேனுக்குப் போகும். பின்பக்கம் மூடி போட்ட வாளி. ஒவ்வொரு முறையும் இரண்டு கை தேங்காய் நார்த்தூள் போட்டு மூட வேண்டும். நாற்றம் பெரும்பாலும் இரண்டும் கலப்பதால் வருவதுதான். பிரித்து, நார்த்தூளும் காய்ந்திருந்தால், மூன்று அடி தள்ளிச் சமைக்கிற எனக்கு வாடை தெரிவதில்லை. நார்த்தூளுக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் கயிறு திரிக்கும் இடங்களில் கேட்டால் மூட்டையாகவே கிடைக்கும். மழைக்காலத்தில் மட்டும் காய வைத்துப் பயன்படுத்துங்கள், ஈரத்தூள் புழு வைக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் சொல்லாத விஷயம் ஒன்று. நாம் கால் கழுவுகிறவர்கள். அந்தத் தண்ணீர் வாளியில் விழுந்தால் எல்லாம் கெட்டது. திருச்சி பக்கம் முசிறியில் கட்டிய உலர் கழிப்பறைகளில் கழுவும் தண்ணீருக்கென்று தனித் தடம் விட்டிருக்கிறார்கள். அதே யோசனையில் பக்கத்திலேயே ஒரு சின்னத் தட்டு வைத்து, அதன் தண்ணீரைத் தனிக் கேனுக்கு இறக்கியிருக்கிறோம். அந்தக் கேன் தண்ணீர் ஊற்றும் வெளிக் கழிப்பறையில்தான் காலியாகும், வேறெங்கும் இல்லை. சிறுநீரைப் பத்துப் பங்கு தண்ணீரோடு கலந்து, தோப்புக்காரர் சம்மதித்தால் தென்னைக்கு ஊற்றுகிறோம். வாளி நிறைந்ததும், அவர் காட்டும் இடத்தில் கிணற்றுக்கு எட்டத்தில் குழி வெட்டி மூடி, மேலே கல் வைத்துவிட்டு வருவோம். அந்த மண்ணை ஒரு வருஷத்துக்காவது யாரும் கிளறக் கூடாது, கீரை பாத்திக்கு ஆகவே ஆகாது.

கண்மாய், ஓடை, வைகை மணல், ரோட்டோரப் பள்ளம் எதிலும் ஒரு சொட்டு போகக் கூடாது. ஊருக்குள் இருக்கும் நாட்களில் பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்டு கழிப்பறைகளே போதும்.

சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டால் வேன் வீடு ரெடிதானே? ஆர்டிஓவில் என்ன சொல்வார்கள்? (வாசகர், உசிலம்பட்டி)

இல்லை. ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்ற வேண்டுமானால் முன்கூட்டி அனுமதி வேண்டும். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு அதுதான். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று தனி வகையே இருக்கிறது. டூரிஸ்ட் வண்டியாக ஓடிய மஞ்சள் போர்டு வேனை வாங்கினால் அதை வெள்ளை போர்டுக்கு மாற்றியாக வேண்டும். தகட்டில் முதல் ஓட்டை போடும் முன், வரைபடத்தோடு உங்கள் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் மாற்றத்தை எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், நாளைக்கு ஒரு விபத்து என்று வரும்போது கையை விரித்துவிடுவார்கள்.

வீட்டுக்காரர் சேர்க்கச் சொன்னது: வேலை முடிந்ததும் வண்டியை எடைமேடையில் ஏற்றுங்கள். கனமான பிளைவுட்டில் அலமாரி அடித்து, ஆர்சியில் உள்ள மொத்த எடையைத் தாண்டிய வண்டிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். டயர் வெடிப்பது அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இட்லி மாவுக்கு என்ன செய்வீர்கள்? (வாசகி, மதுரை)

பாதி டப்பாவுக்கு மேல் ஊற்றுவதே இல்லை. கோடையில் ஐந்து மணி நேரத்தில் புளித்துவிடும், வண்டி குலுங்கினால் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கும். ஒரு தடவை உசிலம்பட்டியிலிருந்து வரும் வழியில் பொங்கிய மாவு, கட்டிலுக்கு அடியில் வயர்ப் பெட்டிவரை போய்விட்டது. மிக்ஸியில் அரைப்பதானால் ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள், பகலில் பேனல் ஓடும் நேரத்திலேயே அரைத்து முடியுங்கள்.

கேஸ் சிலிண்டரை வண்டிக்குள் வைப்பது ஆபத்து இல்லையா? (வாசகர், திண்டுக்கல்)

ஒழுங்காக வைத்தால் இல்லை. 14.2 கிலோ வேண்டாம், 5 கிலோ சிலிண்டர் போதும். எங்கள் இரண்டு பேருக்கு மூன்று வாரத்துக்கு மேலேயே வருகிறது. நிமிர்த்தி வைத்து பெல்ட் போட்டுக் கட்டுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்க வேண்டும், கசிவு காட்டும் அலாரமும் தரையை ஒட்டி இருக்க வேண்டும். அலாரத்தைக் கூரையோரம் மாட்டிக்கொடுத்த ஒரு வண்டியைப் பார்த்துப் பதறிப்போனேன். ஓடும் வண்டியில் ரெகுலேட்டரை மூடியே வையுங்கள். டியூபை ஐந்து வருஷத்துக்குள் மாற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு மாற்றித் தரும் கடைகளின் பக்கமே போகாதீர்கள்.

சிறுமலைக் குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.

ராத்திரி எங்கே நிறுத்துவது? யாரும் விரட்ட மாட்டார்களா? (வாசகர், சோழவந்தான்)

கேட்டுவிட்டு நிறுத்தினால் விரட்ட மாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் போங்கள், இரண்டு பேரும் இறங்கி நின்று கேளுங்கள். எத்தனை நாள், தண்ணீர் வேண்டுமா, குப்பையை என்ன செய்வீர்கள் என்பதை அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். பம்புசெட்டில் குளித்தால் சோப்பு நுரை வாய்க்காலில் போகக் கூடாது. கிளம்பும் காலையில் நின்ற இடத்தைக் கூட்டிவிட்டு வாருங்கள். அடுத்த முறை அதே பாதையில் போனால் அவர்களே கையைக் காட்டி நிறுத்துவார்கள்.

தென்னந்தோப்பில் இடம் கிடைத்தால் மரத்துக்கு அடியில் விடாதீர்கள். சோழவந்தான் பக்கம் ஒரு பெரியவர் முதல் நாளே சத்தம் போட்டார்: "ஏத்தா, தென்னைக்கு அடியிலயா நிப்பாட்டுவீக? காய் விழுந்தா ஒங்க கண்ணாடித் தட்டு தாங்குமா?" அவர் சொன்ன கண்ணாடித் தட்டு சோலார் பேனல். வண்டியைக் களத்து மேட்டுக்கு மாற்றினோம். ராத்திரி ஒரு மட்டை, நாங்கள் முதலில் நின்ற இடத்திலேயே விழுந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் உள்வாயில் நிறுத்தாதீர்கள், எவ்வளவு காய்ந்து கிடந்தாலும் சரி. திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல் மண். ஒரு நல்ல மழை போதும், டயர் பாதி புதைந்துவிடும். டிராக்டர் வைத்து எங்களை இழுத்துவிட்டார்கள், காசு வாங்க மறுத்துவிட்டார்கள். மேலூர், நத்தம் செம்மண்ணில் அந்தப் பயம் குறைவு. அழகர்மலை, சிறுமலைக் காட்டுப் பகுதியில் வனத்துறை அனுமதி இல்லாமல் ராத்திரி தங்கக் கூடாது.

ஆதார், ரேஷன் கார்டுக்கு எந்த முகவரி? (வாசகர், வாடிப்பட்டி)

வண்டிக்கு முகவரி கிடையாது. எங்களுக்கு நாத்தனார் வீட்டு முகவரி. அங்கே நாங்கள் வாரக்கணக்கில் போய்த் தங்குவதும் உண்டு. முகவரி தருகிறவர் வீட்டுக்குத் தபால் வரும், பேங்க்காரர் வருவார், போலீஸ் விசாரணையும் வரலாம். அதையெல்லாம் உட்கார்ந்து பேசிய பிறகு கேளுங்கள்.

அம்மாவுக்கு 72 வயது, மூட்டுவலி. எங்களோடு வண்டியில் வர ஆசைப்படுகிறார். கூட்டிப்போகலாமா? (வாசகி, நத்தம்)

அவரே ஆசைப்பட்டால் கூட்டிப்போங்கள், ஆனால் வண்டியை அவருக்குத் தகுந்தபடி மாற்றுங்கள். என் மாமியார் கடைசி ஒன்றரை வருஷம் எங்களோடு வண்டியில்தான் இருந்தார். முதல் படி தரையிலிருந்து ஒன்றேகால் அடி இருந்தது, அவரால் ஏற முடியவில்லை. பாதி உயரத்தில் மடக்குப்படி ஒன்றை வெல்டிங் செய்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தோம். படுக்கை கீழ்த்தட்டில், கழிப்பறை நாலு எட்டில், வழியெல்லாம் சின்ன ராத்திரி விளக்கு. மாத்திரையை ஃப்ரிட்ஜுக்கு மேலே வைக்காதீர்கள், அங்கே சூடு. இன்சுலின் போடுகிறவர் என்றால், பேட்டரி இறங்கினால் ஃப்ரிட்ஜ் முதலில் அணையாதபடி வயரிங்கை மாற்றச் சொல்லுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்துக்குள்ளேயே சுற்றினோம்.

பகலில் அவருக்கு வேண்டியதெல்லாம் கதவை ஒட்டி ஒரு நாற்காலிதான். போகிற வருகிற ஆட்கள் "என்ன அப்பத்தா, எந்த ஊரு?" என்று நின்று பேசிவிட்டுப் போவார்கள். நாற்காலியை வேனின் நிழல் பக்கமாகப் போடுங்கள், மத்தியானத்துக்கு மேல் பக்கம் மாற்ற வேண்டியிருக்கும்.