கிரெனடாவில் மருத்துவம்: ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

அம்மா, "கிரெனடா என்று நிஜமாகவே ஒரு நாடு இருக்கிறதா, மகளை அங்கே மருத்துவம் படிக்க அனுப்பச் சொல்லும் ஏஜென்ட் கதை விடுகிறாரா?" என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. கரீபியன் கடலின் தென்கிழக்கு ஓரத்தில், வெறும் 344 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். 1974-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. ஆட்சிமொழி ஆங்கிலம், அதனால் மொழிப் பிரச்சினை இல்லை. ஜாதிக்காய்க்குப் பேர்போன தீவு. கொடியிலேயே ஜாதிக்காய் உண்டு. 2004-ல் ஐவன் புயல் அந்த மரங்களைப் பெருமளவு சாய்த்துவிட்டது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதை மகளிடம் சொல்லி வையுங்கள்.

அங்குள்ள செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகம் நேற்று முளைத்ததல்ல. 1976-ல் தொடங்கியது. 1983-ல் அமெரிக்கப் படை அந்தத் தீவில் இறங்கியபோது, அங்கே படித்த அமெரிக்க மருத்துவ மாணவர்களின் பாதுகாப்பைத்தான் ஒரு காரணமாகச் சொன்னார்கள்!

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தப் படிப்பே அமெரிக்காவை மனதில் வைத்து அமைத்தது. வழக்கமான பாதையில் முதல் இரண்டு வருடம் தீவில் பாடம். அடுத்த இரண்டு வருடம் அமெரிக்க, பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் பயிற்சி. படிப்பின் நடுவிலேயே யூ.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கட்டங்கள் தொடங்கிவிடும். முடித்த பிறகு ரெசிடென்சி, அதாவது அங்குள்ள மருத்துவமனையில் மேற்பயிற்சி. அமெரிக்காவில் டாக்டராக நினைப்பவருக்கு இது நல்ல வழிதான்.

"முடித்துவிட்டு இங்கேயே பிராக்டிஸ் பண்ணலாம்" என்று ஏஜென்ட் சொன்னாராமே, அங்கேதான் இடிக்கிறது. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி, குறைந்தது 54 மாதப் படிப்பும் 12 மாத இன்டர்ன்ஷிப்பும் அதே வெளிநாட்டு நிறுவனத்திலேயே முடிய வேண்டும். பாதியை வேறொரு நாட்டில் படித்தால் செல்லாது. படித்த நாட்டிலும் மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதி கிடைக்க வேண்டும். நீட் தேர்ச்சி கட்டாயம். திரும்பி வந்ததும் இங்கே தகுதித் தேர்வும் மறுபடி ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் உண்டு.

ஏஜென்டிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். கடைசி இரண்டு வருடம் எந்த நாட்டு ஆஸ்பத்திரியில்? அவர் சொன்ன ஃபீஸ் எந்த டாலரில்? தீவின் டாலர் 2.70 சேர்ந்தால்தான் ஓர் அமெரிக்க டாலர்; ஃபீஸோ அமெரிக்க டாலரில். பதிலை வாயால் வேண்டாம், எழுதி வாங்குங்கள். அதுவரை முன்பணம் கட்டாதீர்கள்.

அடுத்த முறை மகளையும் கூட்டி வாருங்கள். எந்த ஊரில் டாக்டராக இருக்க ஆசை என்று அவள் வாயால் நான் இன்னும் கேட்கவில்லை.