அடுத்த குளிர்காலத்தில் இடியுங்கள்

அன்புள்ள அக்கா,

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வேலைக்கு வந்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, சாட்ஸ்வொர்த்தில் மனைவியின் அம்மா வீட்டில் இருக்கிறேன். அத்தை சிறுமியாக இருந்தபோது மேகசின் பேரக்ஸ் குடியிருப்பிலிருந்து குடும்பத்தோடு பெயர்க்கப்பட்டு வந்த வீடு இது. பக்கத்து வீட்டோடு சுவரும் கூரையும் ஒட்டிய மாடி வீடு. மூத்தவளுக்கு மூன்று வயது. மனைவிக்கு இப்போது நான்காம் மாதம், செப்டம்பரில் பிரசவம். அதற்குள் பின்சுவரை இடித்து, சமையலறைக் கூரையைக் கழற்றிவிட்டு, மேலே ஓர் அறை எடுக்க வேண்டும் என்கிறாள். ஜூனில் மழை இருக்காது, தொடங்கினால் மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார் பில்டர். அத்தையோ, வாயும் வயிறுமாக ஒருத்தி இருக்கிற வீட்டில் கடப்பாரை படக்கூடாது, ஆணிகூட அடிக்கக்கூடாது என்கிறார். மாடிப்படிக்குக் குழந்தைக் கதவு மாட்டவே விடவில்லை. படித்தவன் இதற்கெல்லாம் தலையாட்டுவதா? மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்குகிறேன். நீங்கள் வீட்டு வரைபட வேலையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

பெயர் வேண்டாம், டர்பன்

அன்புள்ள தம்பி,

முதலில் வாழ்த்துகள். பதிலையும் நேராகவே சொல்லிவிடுகிறேன்: இந்த ஜூனில் இடிக்காதீர்கள். அத்தை சொல்லும் காரணத்துக்காக அல்ல. அந்தக் கூரைக்காகவும் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய பெயின்ட்டுக்காகவும்.

இதைப் படித்ததும் "பார்த்தீர்களா, நம் முன்னோர் எதையும் சும்மா சொல்லவில்லை" என்று யாராவது வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவார்கள். அது வேண்டாம். நம் பாட்டிமார் இதைச் சொல்லத் தொடங்கிய காலத்தில் சுவர் மண், கூரை ஓலை. வீட்டு வேலை என்றால் அலைச்சல், செலவு, கொத்தனாருக்குச் சமையல். அதற்கு நடுவில் பிள்ளைத்தாய்ச்சியை யார் கவனிப்பது என்ற கவலை இருந்திருக்கும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை அத்தையின் பேச்சும் டாக்டர்கள் சொல்வதும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அதனால் தலையாட்டுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சாட்ஸ்வொர்த் 1960-களில் நகராட்சி கட்டிய ஊர். இனவாரியாக ஆட்களைப் பிரித்துக் குடியேற்றிய குடியிருப்புப் பகுதிச் சட்டத்தின் பேரில் மேகசின் பேரக்ஸ், கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து ஆட்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து போட, மலிவாகவும் வேகமாகவும் கட்டினார்கள். அந்த வீடுகள் பலவற்றின் மேல் கிடப்பது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். தென்னாப்பிரிக்கா அப்போது கல்நாரைத் தோண்டி உலகத்துக்கே விற்றுக்கொண்டிருந்தது. நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதிலியோமா என்ற புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பை வாக்னர் என்ற மருத்துவரும் கூட இருந்த இருவரும் இதே நாட்டின் வடமேற்கு கேப் பகுதியில் கண்டு, 33 நோயாளிகளைப் பற்றி எழுதியது 1960-ல். அவர்களில் சுரங்கத்துக்குள் இறங்காமல், பக்கத்தில் குடியிருந்தவர்களும் உண்டு. அந்தக் கட்டுரை வந்த பிறகுதான் சாட்ஸ்வொர்த்துக்கே கூரை போட்டார்கள். தடை வந்ததோ 2008-ல்.

உங்கள் சமையலறைக் கூரையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் அலை அலையாக இருந்து, உடைந்த ஓரத்தில் நரை முடி போல நார் நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகப்பட்டே ஆகவேண்டும். துண்டை ஆய்வகத்தில் பார்த்தால்தான் உறுதியாகும், ஆனால் அதற்காக நீங்களே ஒடித்து எடுக்க வேண்டாம். உடையாமல், துளை போடாமல் கிடக்கும் ஷீட் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து அதைக் கழற்றும்போதுதான். நான் சைட்டுக்குப் போன காலத்தில் பார்த்த காட்சி இதுதான்: கூரைமேல் நின்று சுத்தியலால் உடைப்பார்கள், துண்டுகளை மேலிருந்து முற்றத்தில் எறிவார்கள், கீழே ஒரு பையன் முகத்தில் துணிகூடக் கட்டாமல் துடைப்பத்தால் வாரிக்கொண்டிருப்பான். இன்னொரு கூத்து, பெயின்ட் அடிப்பதற்கு முன் கூரையை ஹை பிரஷர் தண்ணீரால் கழுவுவது. நார் அத்தனையும் சாக்கடையிலும் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியிலும் போய் உட்காரும்.

இன்று சட்டப்படி கல்நார்க் கூரையைக் கழற்றுவது தொழிலாளர் துறையில் பதிவுபெற்ற கல்நார் ஒப்பந்தக்காரரின் வேலை. உங்கள் பில்டரிடம் அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். "நாங்க எத்தனையோ வீடு பார்த்திருக்கோம்" என்று பதில் வந்தால் இல்லை என்று அர்த்தம்.

கல்நார் வயிற்றிலிருக்கும் குழந்தையைக் குறிவைக்கும் விஷம் என்று பயமுறுத்த மாட்டேன். அது மூச்சுவிடும் எல்லோருக்கும் ஆபத்து, நோய் தலைகாட்ட முப்பது நாற்பது வருஷம்கூட ஆகும். அந்த நாற்பது வருஷத்தை முழுசாக வாழப்போகிறவர்கள் உங்கள் பிள்ளைகள். வயிற்றுப் பிள்ளைக்கு நேரடியாகப் போய்ச் சேருவது காரீயம். தாயின் ரத்தத்தில் கலந்தால் நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது. இவ்வளவுவரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த நாட்டில் பெயின்ட்டில் காரீயத்துக்குச் சட்ட வரம்பு வந்தது 2009-ல்தான். அதற்கு முன் அடித்த பெயின்ட், முக்கியமாக ஜன்னல் சட்டம், கதவு, படிக்கட்டுக் கைப்பிடி இவற்றில் அடித்த எண்ணெய் பெயின்ட், அடுக்கடுக்காக உங்கள் வீட்டில் இருக்கும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலோ, சுவரோடு சேர்த்து இடித்தாலோ தூசியாகிவிடும். அந்தத் தூசி தரையில் படியும். தரையில் உட்கார்ந்து விளையாடி, அதே கையை வாயில் வைப்பவள் மூத்தவள்.

அடுத்து, செப்டம்பரில் பிறக்கப்போகும் குழந்தைக்கு அறை எதற்கு? முதல் ஆறு மாதமாவது பெற்றோர் படுக்கும் அறையிலேயே, ஆனால் தனித் தொட்டிலில் படுக்க வைக்கச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். நம் வீடுகளில் ஒரு வயது தாண்டியும் அம்மா பக்கத்தில்தான். ஆக, அவசரம் என்று நீங்கள் நினைக்கும் அந்த அறையில் முதல் வருஷம் காயாத துணியும் அட்டைப்பெட்டியும்தான் இருக்கும்.

இப்போது இடம் வேண்டியது மூத்தவளுக்கு. தம்பியோ தங்கையோ வந்த வாரத்திலேயே அவளைக் கட்டிலை விட்டு இறக்கி வேறு மூலைக்கு அனுப்பினால், குழந்தைதான் தன்னை விரட்டியது என்று முடிவு கட்டிவிடுவாள். மாற்றுவதானால் ஜூனுக்குள் மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த வருஷம்வரை தொடாதீர்கள். அத்தையின் அறையில் ஒரு சிறு கட்டில் போட இடம் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. அத்தைக்கும் ஒரு வேலை கொடுத்தது மாதிரி ஆகும். அவளுடைய சாமான்களுக்கு அவள் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் அலமாரி போதும்.

பணத்தையும் யோசியுங்கள். பிரசவ விடுப்புக் காலத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று முதலாளியைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. யூஐஎஃப் என்ற வேலையிழப்புக் காப்பீட்டு நிதி கொடுப்பது சம்பளத்தில் 66 சதவீதம், அதுவும் ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு. வருமானம் குறையும் அதே மாதங்களில் பில்டருக்குத் தவணை தவணையாகக் கொடுக்க வேண்டியிருக்கும். பாதியில் நின்ற கட்டடங்களுக்குக் காரணம் கேட்டால் எல்லோரும் பில்டரைத்தான் சொல்வார்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் காசுதான் காரணம்.

மூன்று மாதத்தில் முடியும் என்கிறாரே, வரைபடத்துக்கு நகராட்சி அனுமதி வாங்கியாகிவிட்டதா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 1977-ம் வருஷக் கட்டடச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் ஒரு கையெழுத்து குறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், பிறகு மறுபடி முதலிலிருந்து. உங்கள் சுவரும் கூரையும் பக்கத்து வீட்டோடு பொது. அவர்களிடம் இப்போதே பேசுங்கள், வேலை தொடங்கிய பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் இருக்கும்.

ஆகவே வேலை அடுத்த குளிர்காலத்துக்கு. வரைபடத்தை அக்டோபர் வாக்கில் கொடுங்கள். டிசம்பர் நடுவில் கட்டட ஆட்கள் எல்லோரும் விடுமுறைக்குப் போய்விடுவார்கள், ஜனவரியில்தான் திரும்ப நகரும். அனுமதி கிடைத்து 12 மாதத்துக்குள் தொடங்காவிட்டால் காலாவதியாகிவிடும், அதனால் ரொம்ப முன்னதாகவும் வேண்டாம். அடுத்த ஜூனில் சின்னது தவழ ஆரம்பித்திருக்கும். தவழும் குழந்தைக்குத் தூசி இன்னும் மோசம். அதனால் கூரை கழற்றி, சுவர் இடித்து, ஈரத்துணியால் துடைத்து முடிக்கும்வரை குடும்பமே வேறு வீட்டில் இருக்க வேண்டும். பெயின்ட்டைத் தேய்க்கும் நாட்களிலும் அப்படித்தான். சொந்தக்காரர் வீடோ வாடகை அறையோ, அந்தச் செலவையும் மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்.

மனைவியிடம் "அம்மா சொல்கிறார், அதனால் வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு அது தோற்றுப்போன மாதிரி இருக்கும். வரைபடக்காரரை அடுத்த வாரமே வீட்டுக்கு வரச்சொல்லி, அறை எங்கே, ஜன்னல் எந்தப் பக்கம் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். அளவு எடுப்பதற்கு எந்தச் சுவரையும் இடிக்க வேண்டியதில்லை.

கடைசியாக அந்தக் குழந்தைக் கதவு. இதில் மட்டும் அத்தைக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். மாடிப்படியின் மேல்முனைக்கு, இரண்டு பக்கமும் அழுத்தி நிற்க வைக்கும் வகை கூடாது, குழந்தை சாய்ந்தால் கதவோடு உருளும். திருகாணி போட்டு இறுக்குவதுதான் வேண்டும். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே 100 மில்லிமீட்டர் பந்து நுழையக்கூடாது என்பது விதி, அதையும் அளந்து பாருங்கள். ஒரு சனிக்கிழமை மனைவியையும் மகளையும் வெளியே அனுப்பிவிட்டு, துளை போடும் இடத்தில் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு போடுங்கள். விழுந்த தூளை அதே துணியால் துடைத்து, துணியைக் குப்பையில் போட்டுவிடுங்கள். எத்தனை மணிக்கு என்பதை மட்டும் அத்தையிடம் விட்டுவிடுங்கள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைவரை ராகு காலம், அதற்குள் டிரில்லைக் கையில் எடுத்தீர்கள் என்றால் என்னால் உங்களைக் காப்பாற்ற முடியாது.

அன்புடன்,
அக்கா